ஒரே தகடு, இரண்டு பேட்டரி

லாசரின் படகுக்கு, வெயிலிலிருந்து மின்சாரம் எடுக்கும் கண்ணாடித் தகடு ஒன்றைச் சோதனைக்குக் கொடுத்தார் இன்ஜினியர் கனகராஜ். கூடவே தண்ணீர் ஊற்றும் பேட்டரி ஒன்று, சீல் வைத்தது ஒன்று.

"ரெண்டும் வேற வேற ரகம். ஒண்ணா சார்ஜ் ஏறலைன்னா தகட்டை எடுத்துட்டுப் போயிடுவேன்."

மூன்று மாதம், மாதாமாதம் வந்து சோதித்தார். இரண்டுமே நிறைந்திருந்தன.

"அடைமழையிலகூடக் குறையலையே, லாசர்?"

"கொட்டிவாக்கம் சூரியன் சார். மேகத்துக்குப் பின்னாலயும் வேலை பாத்துக்கினு கீறான்."

அசந்துபோனவர், தகடு லாசருக்கே என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

"அப்பாடா," என்றாள் மனைவி லூர்துமேரி. "இனிமே வாராவாரம் பேட்டரிய சைதாப்பேட்டைக்குத் தூக்கினு போயி சார்ஜ் ஏத்த வேணாம்யா."

சொல்லிக்கொண்டே, வழக்கம்போல் தகட்டின்மேல் நெத்திலியைப் பரப்பினாள். அதில் காய்ந்தால் கருவாட்டில் ஒரு பொட்டு மணல்கூட ஒட்டுவதில்லை.