இரண்டாம் வரிசை நாற்காலி

மலேசியாவின் புக்கிட் மெர்தாஜாம் ஊரில், சீனக் கோயில் திடலில் சாயங்கால வெயில் பிளாஸ்டிக் நாற்காலிகள் மேல் சாய்ந்து கிடக்கிறது. முன்வரிசை, ஆவிகள் திரும்பி வருவதாக நம்பும் சீன ஏழாம் மாத வழக்கப்படி, இறந்தவர்களுக்கு விடப்பட்டது. அதற்கு அடுத்த வரிசையில், அம்மா வருஷாவருஷம் உட்கார்ந்த நாற்காலியில் இந்த வருஷம் தனியாக உட்கார்ந்து அழுத கியாட் செங், தியோச்சூ மொழிக் கூத்து முடிந்ததும் மேடைக்குப் பின்னால் வந்து நிற்கிறான். மகனைப் பிரியும் தாயாக நடித்த புவாலாய், டோப்பாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, எண்ணெய்த் துணியால் முகத்து வெள்ளையைத் துடைக்கிறாள்.

"அக்கா, அந்தக் கடைசிப் பாட்டுக்கு என்ன அர்த்தம்? எங்கம்மா அதுக்குத்தான் அழுவாங்க. நான் தியோச்சூ கத்துக்கவே இல்ல."

"நல்ல ஆளைப் பிடிச்சீங்க! நான் தாய்லாந்துக்காரி. எங்க எழுத்துல எழுதி வச்சு உருப்போட்டது. எனக்கும் ஒரு வார்த்தை தெரியாது."

"அப்புறம் எப்படி நெசமாவே அழுதீங்க?"

துணி கன்னத்திலேயே நிற்கிறது. பாதி முகம் இன்னும் வெள்ளையாக இருக்கிறது.

"முன்னெல்லாம் கீழ கிழவிங்க அழுவாங்க, அதைப் பார்த்து எனக்கும் வந்துரும். இப்ப அவங்கள்ல யாருமே இல்ல. இன்னைக்கு நீங்க அழுதீங்க, அண்ணே. அர்த்தம் தெரிஞ்சவரு ஒருத்தராவது மிச்சம் இருக்காரேன்னு நினைச்சேன்."