வக்தியின் சீழ்க்கை

சாயங்காலம் ஐந்து மணிக்கு அண்ணன் வக்தி மாடியில் சீழ்க்கை அடித்தால் புறாக்கள் இறங்கும், கூண்டுக் கதவு தானாகத் திறக்கும். சத்தம் கேட்கும் சென்சாரையும் மோட்டாரையும் ஒரே போர்டில் சொருகி, அதைச் செய்து கொடுத்தவள் நான்தான்.

நேற்று அவன் இறந்த நாற்பதாம் நாள் என்று ஓதினோம். நேற்றும் ஐந்து மணிக்குக் கதவு திறந்தது.

"இனாஸ், அதைக் கழற்றித் தொலைடி. நெஞ்சு படபடன்னு வருது," என்றாள் அம்மா.

"சென்சார் கெட்டுப்போச்சும்மா."

"மூணாவது தடவையா?"

இன்று சென்சாரைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மாடியில் நின்றேன். ஐந்து மணிக்குக் கதவு திறக்கவில்லை.

ஆனால் எங்கள் பேட்டை இம்பாபாவின் வானத்தில் சுற்றிக்கொண்டிருந்த புறாக்கள் அத்தனையும் இறங்கின. தீனி வைப்பவரைச் சூழ்வதுபோல நெருக்கியடித்து நின்றன. நடுவில் இரண்டு பாதம் வைக்கும் அளவுக்கு மட்டும் இடம் விட்டிருந்தன.