விட முடியாத புதன்கிழமை

கல்லூரியில் குடிப்பழக்கம் உள்ளவர்களைக் கண்டுபிடிக்க ஆலோசகர் அம்மா ஒவ்வொருவராக அழைத்து விசாரித்தபோது, முக்கால்வாசிப் பேர் பச்சைத் தண்ணீரைக்கூட யோசித்துத்தான் குடிப்போம் என்று சத்தியம் செய்தார்கள். ஓர் இரண்டாம் ஆண்டு மாணவனோ, "தினமும் குடிப்பேன் மேடம், காலையில கை நடுங்கும்" என்று தானாகவே ஒப்புக்கொண்டான்.

புதன்கிழமைதோறும் ஆலோசனைக்கு வரச் சொன்னார். இஸ்திரி போட்ட சட்டையும் படிய வாரிய தலையுமாக ஒரு வாரம்கூடத் தவறாமல் வந்தான். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. இந்தப் புதன்கிழமை அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"தம்பி, நீ முழுசாத் திருந்திட்ட. இனிமே வரவே வேண்டாம்."

அவன் முகம் தொங்கிப்போயிற்று.

"ஐயோ மேடம், நேத்துகூடக் குடிச்சேனே!"

"எவ்வளவு?"

"ஒரு... ஒரு குடம்."

"குடமா? எப்படி இருந்துச்சு?"

"தேன் மாதிரி இனிச்சுது மேடம்."

அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"டேய், நீ அதைக் கண்ணாலயாவது பார்த்திருக்கியா?"

"இல்ல மேடம்" என்று தலையைச் சொறிந்தான். "கணக்கு வகுப்புக்கு மட்டம் போடத்தான் முதல்ல பொய் சொன்னேன். அப்புறம் வெளியே பெஞ்சுல ஒரு பொண்ணு என் பக்கத்துல உட்கார ஆரம்பிச்சுது. அதான் விட முடியல."

"அடப்பாவி! அது நிஜமாவே குடியால கஷ்டப்படுற பொண்ணுடா!"

அவனை விரட்டிவிட்டு அவளை உள்ளே அழைத்தார்.

"நீயாவது உண்மையைச் சொல்லும்மா. அப்படி என்னதான் குடிக்கிற?"

அவள் கதவுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, வெட்கத்தோடு சொன்னாள்:

"அவரு என்ன குடிக்கிறதாச் சொன்னாரோ, அதேதான் மேடம்."