இரண்டு சூரியன்

திரையில் ஓடிய நூலகத்தில் ஒவ்வொரு தூணுக்கும் இரண்டு நிழல் விழுந்தது.

ஒன்று இடப்பக்கம். இன்னொன்று வலப்பக்கம்.

அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். நாற்காலிக்கும் இரண்டு. வாசலில் நிறுத்தியிருந்த சைக்கிளுக்கும் இரண்டு. மாதக்கணக்கில் உயிரைக் கொடுத்து அவள் கணினியில் எழுப்பிய கட்டடம், முதன்முதலாகப் பெரிய திரையில், வேலை கொடுக்கப்போகிற மூன்று பேருக்கு முன்னால், பேய் பிடித்ததுபோல நின்றது.

நடுவில் உட்கார்ந்திருந்த பெண்மணி மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டார். அந்தக் கட்டட நிறுவனத்தின் முதலாளி.

“ரெண்டு சூரியன் வச்சிருக்கீங்களேம்மா, ஒண்ணு பத்தாதா?”

பக்கத்து ஆட்கள் இருவரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. அதுதான் இன்னும் சுட்டது.

அவளுக்கு விளங்கிவிட்டது. காலை வெயில் எப்படி விழும், மாலை வெயில் எப்படி விழும் என்று பார்க்க லேப்டாப் கெட்டுப்போவதற்கு முன்னால் எப்போதோ அந்தக் கணினிக் கட்டடத்துக்கு இரண்டு சூரியனை வைத்திருந்தாள். ஒன்றை அணைக்க மறந்துவிட்டாள்.

மறந்தது அவள் தப்பு. மறந்தது கண்ணில் படாமல் போனது லேப்டாப்பின் தப்பு.

சித்தப்பா மகன் வருஷக்கணக்கில் தேய்த்துவிட்டு அவள் தலையில் கட்டிய லேப்டாப் அது. கிராபிக்ஸ் கார்டு சாகக் கிடந்தது. வெளிச்சம், நிழல் என்று எதைக் காட்டச் சொன்னாலும் திரை முழுக்கப் பச்சைக் கோடு, அப்புறம் கும்மிருட்டு. போர்டோடு ஒட்டிய கார்டு, தனியாகக் கழற்றி மாற்ற முடியாது, நிழலை அணைத்துவிட்டு ஓடுகிறவரை ஓட்டுங்கள் என்று ரிப்பேர்க் கடைக்காரர் கையை விரித்துவிட்டார்.

அன்றிலிருந்து எல்லாம் சாம்பல்தான். சுவர் சாம்பல், தரை சாம்பல், வானமும் சாம்பல். குருட்டுப் பூனை விட்டத்தில் பாய்ந்த கதையாக அவள் வேலை பார்த்தாள்.

அந்தச் சாம்பலுக்கு நிறமும் வெயிலும் ஏற்றிப் படமாக்கிக் கொடுத்தவள் அவளுடைய கல்லூரித் தோழி.

தோழியிடம் இருப்பது புது லேப்டாப். எவ்வளவு பாரம் ஏற்றினாலும் மூச்சு வாங்காது. “அந்த டப்பாவக் கட்டிக்கிட்டு அழாதடி, ஃபைலக் குடு, எங்க வீட்டுல ஓட்டி எடுத்துட்டு வரேன்” என்று அவளாகவே கேட்டு வாங்கிப்போனாள். இன்று காலை இந்த அலுவலக வாசலுக்கே வந்து பென் டிரைவை உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள்.

“சூப்பரா வந்திருக்கு. போ, கலக்கு.”

உன் லேப்டாப்பில் ஒரு தடவை போட்டுக் காட்டேன் என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பதா? விழுங்கிவிட்டாள்.

தோழி படிக்கும் காலத்திலிருந்தே கொடுக்கிறவள். சார்ஜர், செருப்பு, சாப்பாட்டில் பாதி, மழை பெய்தால் குடை. யாரிடம் அறிமுகப்படுத்தினாலும் தோளில் கை போட்டுக்கொண்டு, “எங்க கிளாஸ்லயே இவதான் பாவம்” என்பாள். பல்லைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். குடும்பத்திலேயே முதல் பட்டதாரி என்றால் ஊருக்குத்தான் பெருமை. வாங்குகிற கைக்கு வாய் கிடையாது.

இந்த வேலை மட்டும் கிடைத்துவிட்டால் இனிமேல் யாரிடமும் கை நீட்ட மாட்டேன் என்று போன வாரம் தோழியிடம்தான் சொன்னாள். வேறு யாரிடம் சொல்வாள்?

“வர்றதுக்கு முன்னாடி ஒரு தடவ போட்டுப் பாத்திருக்கலாமே” என்றார் பெண்மணி. பிறகு, தகவல் சொல்லி அனுப்புகிறோம் என்றார்.

அதற்கு என்ன அர்த்தம் என்று தெரிந்துகொள்ளப் பட்டம் தேவையில்லை.

கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தாள். நடைவழி நீளமாகக் கிடந்தது. கால் நடந்தது, மனசு தோழிக்காக வக்காலத்து வாங்கியது.

அவள் பார்த்திருக்க மாட்டாள். பட்டனைத் தட்டிவிட்டுப் படுத்திருப்பாள். லேப்டாப் தன்பாட்டுக்கு ஓடி முடித்திருக்கும். எழுந்ததும் அப்படியே காப்பி பண்ணிக்கொண்டு பஸ் ஏறியிருப்பாள். அடுத்தவர் குழந்தையின் போட்டோவைச் சரியாகப் பார்க்காமலே அழகு என்று சொல்வதில்லையா, அந்த மாதிரி ஒரு சூப்பர்.

வாங்கித் தின்ற சோறு வாதாடியது.

துணைக்கென்று வந்த தோழி வாசல் பக்கத்து நாற்காலியில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவளைக் கண்டதும் எழுந்து ஓடிவந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

“என்னடி ஆச்சு? எதுவானாலும் சொல்லு, நான் இருக்கேன்ல.”

தோழியின் கண்ணில் ஆறுதல் ஏற்கனவே தயாராக இருந்தது.

அந்தத் தோளில் சாய்ந்து அழுதுவிடலாம் என்றுதான் வந்தாள். ஏனோ வாய் வேறு சொன்னது.

“ரொம்பப் பிடிச்சுப்போச்சாம்டி. ஒண்ணாந்தேதி வந்து சேந்துக்கச் சொல்லிட்டாங்க.”

பிடித்திருந்த கைகள் தளர்ந்தன. தோழி சிரித்தாள். அந்தச் சிரிப்பு உதட்டுக்கு வந்துசேரக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

“நெசமாவா? அந்த நிழலப் பத்தி ஒண்ணுமே கேக்கலையா?”