காலி ஆசனம்

என் மூத்தவனுக்குக் கல்யாணம் நிச்சயமான வாரத்தில் சம்பந்தி வனஜாட்சி அம்மா எனக்குச் சொன்ன கதை இது.

புத்தருக்கு உருவம் செய்ய ஜனங்கள் கூசிய காலம். மரத்தடியில் காலியாக ஒரு கல் ஆசனம் செய்து போட்டு, மேலே ஒரு கல் குடையும் வைத்து, அவர் அங்கே உட்கார்ந்திருப்பதாகவே நினைத்துப் பூ வைத்துக் கும்பிட்டார்கள்.

பிறகு ஒருநாள், மேற்கேயிருந்து வண்டியில் ஒரு புத்தர் சிலை வந்து இறங்கியது.

"ஆசனத்தண்ணே, உங்கள் பாடு முடிந்தது," என்றது குடை. "ஆள் வந்தாச்சு. யவனர் மாதிரி மடிப்பு மடிப்பாகப் போர்த்தியிருக்கிற அழகைப் பாருங்கள். இனி உங்களை யார் பார்ப்பார்கள்?"

"வரட்டும். நான் கொஞ்சம் சாய்ந்து கொடுத்தால் போதும், உருண்டு விழுவார்," என்றது ஆசனம்.

சிலையைக் கயிறு கட்டித் தூக்கினார்கள். கிட்டே வந்ததும் சிலை தயங்கியது.

"ஐயா, என் போர்வையை யவனர் சிலைகளைப் பார்த்துச் செதுக்கினார்கள். எப்படி உட்காருவது என்று மட்டும் யாரும் சொல்லித்தரவில்லை. இங்கே ஏற்கெனவே ஒருவர் அமைதியாக உட்கார்ந்திருக்கிறாரே, அவர் மடியில் நான் எப்படி உட்காருவேன்?"

இத்தனை காலத்தில் அவரைக் கண்ணால் கண்டதாகச் சொன்னது இந்தச் சிலை ஒன்றுதான். சாய நினைத்த ஆசனம் நேராக நிமிர்ந்துகொண்டது.

"அவர் ஒன்றும் நினைக்கமாட்டார். பார்த்து உட்காருங்கள், நான் தாங்கிக்கொள்கிறேன்," என்றது.

எங்கேயாவது புத்தர் சிலையைக் கும்பிட்டால், கீழே இருக்கிற கல்லுக்கும் ஒரு பூ வையுங்கள்.