நாற்பதாவது வரியில் ஓர் எழுத்து

அக்காவும் நானும் எழுதிய கணினி நிரல் ஒன்பது மணி நேரமாக ஓடவில்லை. மாலைக்குள் ஓடாவிட்டால் இருவருக்கும் வேலை போய்விடும்.

"கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுத் தேடிட்டேன்க்கா. ஒரு பிழையும் இல்ல."

"எனக்கு அந்த எண்ணெய்ச் செலவே இல்ல. தள்ளுடி," என்றாள், பிறவியிலேயே பார்வையில்லாத என் அக்கா.

கணினி ஒவ்வோர் எழுத்தாக உச்சரிக்க, காதில் கருவியுடன் கேட்டுக்கொண்டே போனாள். நாற்பதாவது வரியில் நின்றுவிட்டாள். திரையில் தெரியாத ஓர் எழுத்து அங்கே இருந்தது. அதன் யூனிகோடு எண்ணைத் தேடினேன். அந்த எண் இன்னும் எந்த எழுத்துக்கும் தரப்படவில்லை.

அதை அழிக்கக் கை நீட்டினேன். அக்கா தடவாமல், நேராக என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"என்னக்கா சொல்லுது அது?"

"ஒண்ணும் சொல்லல. அது மேல கர்சர் நிக்கிறப்போ உன் முகம் தெரியுதுடி."