சைக்கிள் கரண்ட்

பெல்ட் மறுபடியும் முதுகில் விழுந்தது. சைக்கிளில் இருந்தவனின் தலை வெடுக்கென்று நிமிர்ந்தது. வாய் கோணியது, ஆனால் கால் மட்டும் மிதிப்பதை நிறுத்தவில்லை.

“கண்ணை மூடினே, தொலைச்சிடுவேன்,” என்றான் பெல்ட் வைத்திருந்தவன்.

எதிர் வீட்டு மாடி ஜன்னலோரம் கைத்தையல் போட்டுக்கொண்டிருந்த தையல்காரிக்கு ஊசி விரலில் ஏறியது. புயலில் சைக்கிள் இருந்த வீட்டின் திரைச்சீலை பிய்த்துக்கொண்டு போனதால்தான் இதெல்லாம் அவள் கண்ணில் பட்டது. பின்சக்கரம் தரையில் படாதபடி ஸ்டாண்டு போட்ட சைக்கிள். மிதிப்பவனின் கைகளை ஹேண்டில்பாரோடும் இடுப்பை சீட்டோடும் கயிற்றால் கட்டியிருந்தது. சக்கரத்தோடு ஒட்டிச் சுழன்ற டைனமோவிலிருந்து ஒரு ஒயர் புறப்பட்டு, மூடியிருந்த உள்ளறைக் கதவுக்கு அடியில் போயிற்று.

மிதிப்பவன் அந்த வீட்டுக்காரன். அடிப்பவன் அவன் பொண்டாட்டியின் அண்ணன். குடிவந்த நாளிலிருந்து இரண்டு பேருக்கும் கரண்ட் பைத்தியம். டிரம்மைப் பாதியாக வெட்டி மொட்டை மாடியில் காற்றாடி சுற்றவிட்டார்கள். சமையல் கழிவை ஊறவைத்து வாயு எடுக்கிறேன் பேர்வழி என்று தெருவையே மூக்கைப் பிடிக்க வைத்தார்கள். யாரையும் வீட்டுக்குள் விடுவதில்லை, யாரோடும் பேச்சும் வைத்துக்கொள்வதில்லை. கரண்ட் பில் கட்ட மனசு வராத கஞ்சர்கள் என்று தெரு தானாகவே முடிவு கட்டிக்கொண்டது.

புயல் வந்து காற்றாடியைக் கொண்டுபோயிற்று. சோலார் தகடு கருமேகத்துக்குக் கீழே சும்மா கிடந்தது. ஊர் முழுக்கக் கரண்ட் இல்லை, ரோடெல்லாம் தண்ணீர். அந்தத் தண்ணீரிலேயே அந்த வீட்டுப் பெண் நேற்றுத் தனியாக நடந்து போனாள், இன்னும் திரும்பவில்லை. புருஷனை விட்டுவிட்டு ஓடிவிட்டாள் என்று கீழ்வீட்டுக்காரி சத்தியமே செய்தாள்.

அண்ணன்காரனுக்கு நேற்றே வெறி பிடித்துவிட்டது. மெக்கானிக் கடையில் போய் பேட்டரி கேட்டான். எதிலும் சார்ஜ் இல்லை என்றதும் மெக்கானிக்கின் சட்டையைப் பிடித்து அறைந்துவிட்டான். அதிலிருந்து தெருவில் அவன் பேர் முரடன். இன்று காலையில் அவன் ஒவ்வொரு கதவாகத் தட்டியபோது யார் திறப்பார்கள்? தையல்காரியும் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு சத்தம் காட்டாமல் உட்கார்ந்திருந்தாள். வெளியே அவன் என்ன கத்தினான் என்பது மழை இரைச்சலில் விளங்கவில்லை.

இப்போது அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தங்கச்சியை வீட்டைவிட்டு ஓட வைத்தவனை அண்ணன் பழிவாங்குகிறான். அடிப்பது போதாதென்று, தனக்கு உள்ளே ஃபேன் ஓட அவனைச் செக்குமாடாக மிதிக்கவும் வைக்கிறான். இவனெல்லாம் மனுஷனா!

பெல்ட் இறங்கியது. பனியன் கிழிந்து ரத்தம் கசிந்தது. அடித்துவிட்டு முரடன் சுவரைப் பிடித்துக்கொண்டான், குடிகாரன் போல் அவன் கால் நிலைகொள்ளவில்லை. அவன் திரும்பியபோது அவன் முதுகிலும் பெல்ட் தடிப்புகள் வரிவரியாகச் சிவந்து கிடந்தன. மெக்கானிக்கின் ஆட்கள் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள், இன்னும் நாலு சேர்த்துக் கொடுத்திருக்கலாம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ஜன்னலிலிருந்தே அதட்டிப் பார்த்தாள். முரடன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் மிதிப்பவனின் தலை மறுபடி சாய, அவளை விட்டுவிட்டு அவன் பெல்ட்டை ஓங்கினான்.

அவள் கூடப்பிறந்த அக்காவையும் புருஷன்காரன் இப்படித்தான் அடிப்பான். அந்தத் தெருவுக்கே கேட்கும். நமக்கெதுக்கு வம்பு என்று எல்லாரும் கதவைச் சாத்திக்கொண்டார்கள், கடைசியில் பிணத்தைத் தூக்கத்தான் வந்தார்கள். இன்னொரு உயிர் தன் கண்ணெதிரே போக விடக்கூடாது என்று அவள் எழுந்தாள்.

கரி போடும் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி ஓடினாள். முழங்கால் தண்ணீரைக் கடந்து, அந்த வீட்டைச் சுற்றிப் போய்ப் பின்கதவை உதைத்துத் திறந்தாள். முரடன் திரும்புவதற்குள் பெட்டி அவன் மண்டையில் இறங்கியது. விழுந்தவன் கையை ஊன்றி சைக்கிள் பக்கமாக நகர்ந்தான். இன்னும் அடங்கவில்லையா பாவி என்று இன்னொரு போடு போட்டாள். அப்புறம் அவன் அசையவில்லை. சிமென்ட் தரையில் ரத்தம் ஓடியது.

“வேணாம்... வேணாம்...” என்று சைக்கிளில் இருந்தவன் குழறினான். அடி வாங்கி வாங்கி எப்படி மிரண்டுபோயிருக்கிறான் என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. இடுப்பில் செருகியிருந்த கத்திரிக்கோலை எடுத்துக் கட்டுகளை நறுக் நறுக்கென்று வெட்டினாள். மூட்டை சரிவது போல் அவன் கீழே விழுந்தான். சக்கரம் கொஞ்ச நேரம் தானாகச் சுற்றிவிட்டு நின்றது.

“பயப்படாதேப்பா, இனிமே உன்னை யாரும் மிதிக்கச் சொல்ல மாட்டாங்க,” என்றாள். அக்காவுக்குச் செய்ய முடியாததை இவனுக்காவது செய்தோமே என்று அவள் மனசு நிறைந்துபோயிருந்தது.

அவன் அவளைப் பார்க்கவேயில்லை. பெடலைப் பிடித்து எழப் பார்த்தான், கால் மடங்கிவிட்டது. மறுபடி எழுந்தான், மறுபடி விழுந்தான். மூடியிருந்த உள்ளறைக் கதவைப் பார்த்து ஓவென்று அலறிவிட்டு, அவள் காலைக் கட்டிக்கொண்டான்.

“உள்ள என் பொண்ணோட மூச்சு மெஷின் இதுலதான் ஓடுது, ஏறி மிதிங்கக்கா.”